பெயர் சொல்லாத குரல்

"நெல்லைநாயகம், கண்ணைத் திறக்கவும்."

பிழைப்புமானிக் கருவி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டது. கட்டிலில் கிடந்த டாக்டர் நெல்லைநாயகம் அசையவில்லை. பாக்டீரியா மூளையுறைவரை ஏறிவிட்ட மூளைக்காய்ச்சல். அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். வயது, முதல் ஊசி போடத் தாமதமான நேரம், முதுகுத்தண்டு நீரின் அணுக்கள் எல்லாவற்றையும் கூட்டி, ஆள் பிழைப்பாரா என்று அது சொல்லிவிடும். கூப்பிட்டால் விழிக்கிறாரா என்பதற்குத்தான் மதிப்பெண் அதிகம். தேறாதவர்கள் அமைதிக் கூடத்துக்குப் போவார்கள். அங்கே வலிக்கு மட்டுமே மருந்து.

திரையில் 'அமைதிக் கூடம்' என்று எழுத்து வந்தது. தலைமைச் செவிலி ஸ்டெல்லா அதைப் படித்தாள்.

அவளுக்குப் பழைய வார்டு ஞாபகம் வந்தது. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள், பிளாஸ்க், விசிறி, சாத்துக்குடித் தோல். ஒருத்தி "எய்யா" என்பாள், ஒருவன் "மாமா" என்பான். ஏதாவது ஒரு குரலுக்குக் கண் திறந்துவிடும். சந்தைக்கடை என்று அலுத்துக்கொண்டு அவர்களை வெளியேற்றியவரும் இதே டாக்டர்தான். அந்த இரைச்சலுக்கு இப்போது ஸ்டெல்லா ஏங்கினாள்.

ஆஸ்பத்திரி விதியாவது ஒன்றாவது என்று வெளியே போய், அவர் மனைவி கோமதியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. சத்தமா."

"அவிய பேர நான் சொன்னதே இல்லியே, சிஸ்டர். வாயில வர மாட்டேங்கு."

"அப்ப வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

கோமதி அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க."

"ம்" என்றார் நெல்லைநாயகம். இமை பிரிந்தது. பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவரும் "ம்" என்றார். மதிப்பெண் ஏறியது, ஊசிகள் தொடர்ந்தன.

பிழைத்துவிட்டார். ஆனால் காய்ச்சல் அவர் செவிகளைக் கொண்டுபோய்விட்டது. உட்செவி எலும்பாக இறுகிவிட்டதால் காது கேட்கும் கருவி பொருத்தவும் வழியில்லை.

நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கோமதி "என்னங்க" என்று கூப்பிடும் குரலைப் பதிவுசெய்து பிழைப்புமானியில் ஏற்றினார். சொந்தக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதைவிட அது அவருக்குச் சுலபமாகத் தோன்றியது. 'ஊர்ல உள்ள ஆம்பளைக்கெல்லாம் நான் பொண்டாட்டியா?' என்று கோமதி எழுதிக் காட்டிச் சிரித்தாள். பெண்களை "ஏட்டி" என்று கூப்பிட ஸ்டெல்லா குரல் கொடுத்தாள்.

கோமதி இப்போது இல்லை. போன ஆனியில் மாரடைப்பு. ஆனாலும் தமிழ் பேசும் ஊர்களின் வார்டுகளிலெல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மாலையில் நெல்லைநாயகம் தன் ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்பார். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இமை திறப்பார், உதடு அசையும். யார் யாருக்கோ கேட்கிற குரல் தனக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கும் அவருக்கு.

அதனால் கருவியின் ஒலிபெருக்கிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அது லேசாக அதிரும்போது, "ம்" என்பார்.