உள்ளங்கைச் சூடு

இரவெல்லாம் பனியில் நின்ற வேனின் எஞ்சின் கல்லாய்க் குளிர்ந்திருக்க வேண்டும். விடியுமுன் மெக்கானிக் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. லேசான காய்ச்சலோடு தூங்கும் ஆளின் நெற்றிச் சூடு.

"மாப்ள, ராத்திரி வண்டிய எடுத்தியா?"

"எடுத்தா கிளம்புமா மச்சான்? அதுக்குத்தானே உங்கள எழுப்பினேன்," என்றான் டிரைவர், அவருடைய தங்கையின் கணவன்.

மூன்று நாளாக இதே கதை. ஊரான் வண்டியெல்லாம் அவர் கைபட்டு முதல் அடியிலேயே கிளம்ப, சொந்தத் தங்கை வீட்டு வேன் மட்டும் குளிர் விழுந்தால் அரைமணி நேரம் முக்கி முனகும். தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

ஆனால் இன்று கிளம்பியே ஆக வேண்டும். எட்டு மணிக்குத் தங்கைக்கு நுரையீரலில் ஆபரேஷன். தவறவிட்டால் அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். அவள் அவ்வளவு நாள் தாங்கமாட்டாள் என்று அண்ணனான இவரிடம் மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் இருமிக்கொண்டிருந்தாள். இரண்டு இருமல், ஒரு இழுப்பு. ஆறு மாதமாக அந்த வீட்டின் கடிகாரம் அதுதான்.

முன்சீட்டுகளுக்கு நடுவே பெட்டிபோல இருந்த எஞ்சின் மூடியைத் தூக்கினார். பேட்டரி புதிது. குளிரில் எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றிச் சோதித்தார். நான்கும் பழுக்கச் சிவந்தன. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று, குமிழி தேடிக் கைப்பம்பை அமுக்கி அமுக்கி, டீசல் வாடை விரலிடுக்கில் ஊறி, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அதுவும் இல்லை. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் வைப்பதும் இதைத்தான். ஃபீஸ் மட்டும் வேறு.

"சுத்து மாப்ள."

நான்கு சிலிண்டரும் காற்றை ஒழுங்காகவே அமுக்கின. பின்னால் வெள்ளைப் புகை கக்கியதோடு சரி, பிடிக்கவில்லை.

"போதும்."

எல்லாம் அடங்கியது. காதில் மட்டும் அடங்கவில்லை.

இரண்டு இருமல். ஒரு இழுப்பு.

சுவர் வழியாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார். ஸ்குரூடிரைவரை எடுத்தார். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

பாக்கி இருந்தது ஒன்றுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் உள்ளங்கையை வைத்து, இழுக்கும் பலத்திலேயே நோயைச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். கருவி வாங்கச் சோம்பல் என்பதைக் கைத்திறமை என்று ஊரை நம்பவைத்திருந்தார். மறுபடி சுற்றச் சொல்லிவிட்டு வைத்தார். இழுத்தது. விரல்நுனி, மணிக்கட்டு, முழங்கை என்று சூடு வடிந்து உள்ளே போவது தெரிந்தது. பதறிப் பிடுங்கினார். அந்த நொடியே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"கைராசி மச்சான்!"

ராசியான கை மெழுகாய் வெளுத்திருந்தது. பனி, தூக்கமின்மை, வயசு. மூன்றில் ஏதோ ஒன்று. யோசிக்கத் தெம்பில்லை. வண்டி ஓடுகிறதே, அது போதும்.

தங்கை போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். "ஏண்ணே, உன் மூஞ்சியப் பார்த்தா டாக்டர் உன்னையத்தான் முதல்ல படுக்கச் சொல்வாரு."

"வாயாடாம ஏறு பாப்பா. முன்சீட்டுல உக்காரு. கைய எஞ்சின் மூடிமேல வச்சுக்க, கதகதன்னு இருக்கும்."

வைத்துக்கொண்டாள்.

வேன் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. பாதி வழியில் இருமல் நின்றிருப்பதைக் கவனித்தார். ஆறு மாதத்தில் முதல்முறை. சூடு ஒத்துக்கொண்டது என்று பின்சீட்டில் கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் சாவியை உருவினான். எஞ்சின் நிற்கவில்லை.

"மச்சான்... சாவி என் கையில இருக்கு."

குளிரில் டிரைவரின் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் வாயிலிருந்தும் வந்தது. அவள் வாய் திறந்திருந்தது. ஆவி இல்லை.

பக்கக் கண்ணாடியில் பின்னால் புகை தெரிந்தது. சின்னதாய், வெள்ளையாய். இன்னொன்று. பிறகு ஒரு இழுப்பு.

டிரைவர் டாக்டரைக் கூப்பிட்டு அலறிக்கொண்டே உள்ளே ஓடினான். மெக்கானிக் மூடியில் ஒட்டிக் கிடந்த அவள் கையை எடுத்தார். ஐஸ். மூடியைத் தூக்கினார்.

அடங்காத டீசல் எஞ்சினை நிறுத்த ஒரு வழி உண்டு. காற்று வாயை அடைக்க வேண்டும். உள்ளங்கை போதும். அடைத்தால் நின்றுவிடும்.

நின்றுவிடும்.

ஒரு சாண் உயரத்தில் கை அப்படியே நின்றது.

இரண்டு இருமல்.

கீழிருந்து அது அவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தது. சின்ன வயதில் ரோட்டைக் கடக்கப் பயந்து அவள் இழுப்பாளே, அப்படி.