நாற்பதுக்கு மேல்

தனியாக ஓட்டினால்தான் வண்டி திக்கியது. பக்கத்தில் ஆள் இருந்தால் திக்கவில்லை. மெக்கானிக்குக்கு இதுதான் முதலில் உறுத்தியது. பக்கத்து இருக்கையில் யார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டா ஒரு எஞ்சின் ஓடும்?

வண்டி அவன் தங்கையுடையது. டீசல் பிக்கப், பின்னாலும் ஒரு வரிசை இருக்கை கொண்டது. அதில் தண்ணீர் கேன் ஏற்றி அவளும் அவள் கணவரும் கடை கடையாகப் போடுகிறார்கள். வழக்கமாக மச்சான்தான் ஓட்டுவார். அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுப்பாள். மூன்று மாதத்துக்கு முன் மச்சான் ஆசைப்பட்டு வண்டியை மாற்றியமைத்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ, அகலமான காற்றுக்குழாய், அவற்றை மேய்க்கப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர். போன வாரம் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தங்கை தனியாக ஓட்டுகிறாள்.

நேற்று ஏரிச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது, எதிரே பேருந்து வந்துகொண்டிருக்க, எஞ்சினுக்கு மூச்சு நின்றது. ஒரே வினாடி. பேருந்து அவள் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. நாளையும் அவள் அதே சாலையில்தான் போக வேண்டும்.

மச்சான் கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி ஒர்க்‌ஷாப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவளின் காலில்தான் கோளாறு என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

"உங்க கால் லட்சணம்தான் தெரியுதே," என்றாள் தங்கை.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தான். அவனுக்கு எதையும் விளக்கிக்கொண்டே செய்தால்தான் கை ஓடும். டீசல் எஞ்சினுக்கு வேண்டியது இரண்டே பொருள், காற்றும் டீசலும். திக்கினால் இரண்டில் ஒன்று வழியில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவன் டீசல் ஃபில்டரை மாற்றினான். குழாய்களில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தான். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயைச் சோப்புத் தண்ணீரால் நனைத்து, எங்காவது நுரை கிளம்புகிறதா என்று விரல் விரலாகத் தடவினான். எங்கும் ஒன்றுமில்லை.

மத்தியானம் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். திக்கியது. தங்கையை ஏற்றிக்கொண்டு ஓட்டினான். பட்டுப்போல் போனது. உட்காருகிறவரின் எடையில் இருக்கைக்கு அடியில் ஏதோ வயர் அழுந்துகிறது என்று தீர்மானித்து, லேப்டாப்பைப் பொருத்தி, மறுபடி தனியாகப் போய் வந்தான்.

ஓட்டத்தை லேப்டாப் கோடுகளாகப் பதிந்திருந்த வரைபடம் அவன் நினைக்காத ஒன்றைக் காட்டியது. திக்கும் ஒவ்வொரு இடத்திலும் பிரேக் மிதிக்கப்பட்டிருந்தது.

அதையும் அவன் பொறுமையாக விளக்கினான். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தால், இந்தப் புதுக் கம்ப்யூட்டர் பிரேக்கின் பேச்சைத்தான் கேட்கும். டீசலை உடனே நிறுத்திவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆக, எஞ்சின் திக்கவே இல்லை. யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள், அது கீழ்ப்படிகிறது.

"நான் பிரேக்ல கால் வைக்கலைண்ணே," என்றாள் தங்கை.

வைத்திருக்க மாட்டாள் என்று அவனுக்கும் தெரியும். அவனும் வைக்கவில்லையே. பிரேக் மிதித்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் தளர்ந்திருக்கும் என்று புதிது மாட்டினான். அவளை ஓட்டச் சொல்லிவிட்டு, மேகம் மூடிய சாலையோரம் நின்று பார்த்தான். வண்டி வேகம் பிடித்து அவனைக் கடந்தது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. எஞ்சின் திக்கியது. விளக்கு முதலில், திக்கல் பிறகு.

திரும்பி வந்து எல்லா வரைபடங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். பிரேக் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் வேகம் நாற்பதைத் தாண்டியிருந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. சுவிட்ச் தளர்ந்தால் கண்டபடி தளரும். இப்படிக் கணக்காகத் தளராது.

இருக்கைக்கு அடியில் வயரைத் தேடுவதற்காகப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் தரையில் விரித்திருந்த மிதியடியைத் தூக்கினான். தரைத் தகட்டில் நான்கு துளைகள், ரப்பர் மூடி போட்டு அடைத்தவை. துளைகளின் இடைவெளியை விரலால் அளந்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான், இந்த வண்டிய யார்கிட்ட வாங்கினீங்க?"

"டிரைவிங் ஸ்கூல்ல. ஏன்?"

சொல்லிக்கொடுக்கிறவருக்கு என்று அங்கே ஒரு பிரேக் இருந்திருக்கிறது. மாணவன் வேகமாகப் போனால் அவர் மிதிப்பார். விற்கும்போது கழற்றிவிட்டார்கள். இதை அவன் உற்சாகமாகவே சொல்லத் தொடங்கினான். பாதியில் குரல் இறங்கியது. கையிலிருந்த மிதியடி மூன்று வருஷத்துக்கு முன் அவனே வாங்கிப் போட்டது. அதில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து, அடியிலிருந்த துணி தெரிந்தது. ஒரு முன்பாதத்தின் அகலத்துக்கு. தங்கை எப்போதும் சம்மணம்தான் போடுவாள்.

தங்கை கூடப் போகத் தொடங்குமுன், மச்சான் தனியாக ஓட்டிய காலத்தில், வருஷத்துக்கு மூன்று முறை பிரேக் கட்டை மாற்றியது ஞாபகம் வந்தது. மச்சானின் கால் கனம் என்று ஒவ்வொரு முறையும் கிண்டல் செய்திருக்கிறான்.

வண்டிக்குள் லேசாகத் தைல வாசனை அடித்தது, மூட்டு வலிக்குத் தடவுவது. மச்சானுடையதாக இருக்கும் என்று நினைத்தான். மச்சான் ஒரு வாரமாக இந்த வண்டியில் ஏறவே இல்லை.

இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். ரிப்பேர்க்காரனுக்கு ஒரு வழி எப்போதும் உண்டு: பொய் சொல்லும் வயரைப் பேசவிடாமல் செய்துவிடுவது. லேப்டாப்பைத் திறந்து, பிரேக் என்ன சொன்னாலும் டீசலை நிறுத்தாதே என்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரியை மாற்றி எழுதினான். இனி முந்தும்போது மூச்சு நிற்காது. தங்கை பிழைத்துக்கொள்வாள். அதற்கு மேல் யோசிக்க அவன் விரும்பவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு அவளை ஓட்டச் சொன்னான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தானே கோளாறு வரும்? அதனால் லேப்டாப்போடு அதற்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

ஏரிச் சாலை ஆளில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் மரங்கள். இன்னொரு பக்கம் தடுப்புச் சுவரில்லாத கரை, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் அசையாத தண்ணீர். டயர்களின் சீரான ஓசை, டர்போவின் மெல்லிய விசில், கண்ணாடி இடுக்கில் நுழையும் காற்று. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. திரையில் பிரேக் கோடு எழும்பியது. எஞ்சின் திக்கவில்லை.

"வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஒரு வினாடியில் விழுந்துவிடும் கோடு விழவில்லை. ஐம்பது. மேலேயே நின்றது. அறுபது. பிரேக் கட்டை கருகும் வாடை வந்தது. அதனூடே தைலம், இப்போது பலமாக.

அவன் முழங்காலில் ஏதோ அழுந்தியது.

முன் இருக்கையின் முதுகு. காலி இருக்கையின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்து வந்தது. உள்ளே கம்பிச்சுருள் முனகியது. முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கிற மனிதன் முதுகை இப்படித்தான் இருக்கையில் ஊன்றுவான். இன்னும் அழுந்தியது. முழங்கால் வலித்தது.

பிறகு விட்டுவிட்டது.

இருக்கை நிமிர்ந்தது. திரையில் பிரேக் கோடு விழுந்தது. வண்டிக்குள் டயர் ஓசை மட்டும். அவன் மூச்சை விட்டான். கூடவே ஒன்று உறைத்தது. பிரேக் கேட்காவிட்டால் சொல்லிக்கொடுக்கிறவர் அடுத்து என்ன செய்வார்?

"நிறுத்து," என்றான். குரல் வெளியே வரவில்லை.

"அண்ணே, கையை எடு," என்றாள் தங்கை. கண் சாலையில் இருந்தது. குரலில் லேசான எரிச்சல். "வலிக்குது. ஸ்டியரிங்கை விடு."

அவன் இரண்டு கைகளும் லேப்டாப்பின்மேல் இருந்தன.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தான். புறங்கைத் தோலில் நான்கு பள்ளங்கள். வரிசையாக. விரல் அகலத்தில். இரத்தம் ஒதுங்கி வெளுத்துக்கொண்டிருந்தன. இறுகின. அவள் கையோடு சேர்ந்து ஸ்டியரிங் மெல்ல, நிதானமாக, பழகின கை திருப்புவதுபோல, தண்ணீர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது.