மரண நேரம்: ஆறு நாற்பது

மரணச் சான்றிதழ்த் தாளில் ஏழே கால் என்று இருந்தது.

லோர்னா ஹாகன் எழுதியது ஆறு நாற்பது. சனிக்கிழமை மாலை ஆறு நாற்பது. மொன்டானாவின் அந்தச் சின்ன மாவட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் கொரோனர். யார் செத்தாலும், எப்போது, எப்படி என்று எழுதுகிற கை அவளுடையது. இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் அதே கையெழுத்து, அதே நீல மை, ஏழே கால்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" மரண விசாரணைக் கூடத்து வாசலில் ஷெரிஃப் ஆபீஸ் கிளின்ட் காபியை நீட்டிச் சிரித்தான். "ஆறு ஜூரிதானே, கடிச்சா தின்னுடப் போறாங்க?"

அந்தச் சனிக்கிழமை போன் செய்தவனும் அவன்தான். பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் எம்மெட் ட்வைட் விறைத்துக் கிடக்கிறார், நாடியே தெரியவில்லை, வருகிறீர்களா என்றான். வெளியே மைனஸ் முப்பது. அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. குளிரில் விறைத்தவரைச் சூடேற்றிப் பார்க்காமல் செத்ததாகச் சொல்லக் கூடாது. அந்த விதியை ஊருக்கே வகுப்பெடுத்தவள் அவள். ஆனாலும் அடுப்பு முன்னால் நின்றபடியே, "பையில போட்டு மூடி, குளிர் அறையில வச்சிரு. ஆறு நாற்பதுன்னு போட்டுக்கறேன்" என்றாள். நேரில் போய்ப் பார்த்ததாகப் படிவத்தில் எழுதினாள். கிளின்ட்டும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பையைத் திறந்தபோது, முகத்துக்கு நேரே, உள்பக்கமாக, மெல்லிய பனிப்படலம். மூச்சு விட்டால்தான் அப்படிப் படியும். அதில் நகக்கீறல்கள். லோர்னா அதைத் துடைத்தாள். ஜிப்பை மறுபடி இழுத்து மூடினாள். உடலை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று கையெழுத்தும் போட்டாள், பாவி. மண் இறுகிக் கிடந்ததால் புதைக்க முடியவில்லை. பனி உருகும்வரை இருக்கட்டும் என்று சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

இப்போது எம்மெட்டின் அக்கா இங்கா வந்து லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. என் தம்பி ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா?"

"இல்லம்மா. சட்டுனு போயிட்டாரு."

தாள் இருந்த உறைக்குள் ஏதோ சுரண்டியது. லோர்னா குனிந்து பார்த்தாள். தாளில் இப்போது ஞாயிறு, விடிகாலை மூன்று இருபது.

விசாரணைக் கூடத்தில் வெப்பக் குழாய்கள் சீறிக்கொண்டிருந்தன. ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும், பூட்ஸ்களிலிருந்து உருகி வழிந்த பனியின் சேற்று வாடையும், கரிந்த காபியின் கசப்பும் ஒன்றாகக் கலந்து எங்கும் நிறைந்திருந்தன. வலது கையை உயர்த்தி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்றாள். பக்கத்து மாவட்டத்திலிருந்து விசாரணை நடத்த வந்திருந்த ஹால்வர்சன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எம்மெட் ட்வைட் எத்தனை மணிக்கு இறந்தாரு?"

அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள்.

திங்கள். எட்டு ஐந்து.

அவள் ஜிப்பை மூடிய பிறகு.

ஐயோ.

எழுத்து நின்றபாடில்லை. செவ்வாய். வியாழன். பெட்டியை வைத்துப் பூட்டிய வெள்ளி. பிறகு இன்றைய தேதி. பத்து முப்பத்தொன்பது. சுவர்க் கடிகாரத்திலும் பத்து முப்பத்தொன்பது. இரண்டும் சேர்ந்தே நாற்பதுக்கு மாறின.

உறையின் உள்பக்கம் வாயளவு ஆவி படிந்தது. சுருங்கியது. மீண்டும் படிந்தது.

கல்லறைத் தோட்டம் காரில் ஏழு நிமிஷம்தான். ஒரு வார்த்தை போதும். கிளின்ட்டின் வண்டி வாசலிலேயே நின்றது. அந்த ஒரு வார்த்தையோடு வேலை போகும், ஜெயிலும் வரும். முன்வரிசையில் இங்கா கைக்குட்டையைக் கசக்கியபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிர்ர். கிர்ர்.

வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"மேடம்?" என்றார் ஹால்வர்சன்.

பத்து நாற்பத்தொன்று.

"ஆறு நாற்பது," என்றாள் லோர்னா. "சனிக்கிழமை மாலை."

"அப்பாடா, கஷ்டப்படல," என்று இங்கா அழுதாள்.

சுரண்டும் சத்தம் நின்றது. கடிகாரம் நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தது. பிறகு நாற்பத்து மூன்று. தாளில் பத்து நாற்பத்தொன்று, அவளுடைய நீல மையில். அது நகரவில்லை.

ஆவி ஓரத்திலிருந்து மெல்ல வற்றியது. மறுபடி படியவில்லை. உறையின் உள்பக்கம், அவள் விரல்களுக்கு நேரே, ஐந்து நகக்கீறல்கள் இருந்தன.