தேரிக்குள் நின்ற ஆஸ்டின்

“கயிறு கட்டி இழுக்கக் கூடாது. லாரியில ஏத்தக் கூடாது. தன் எஞ்சின்ல ஓட்டி யாரு தார் ரோட்டுல ஏத்துதாவளோ, வண்டி அவுகளுக்கு.”

பழைய கார் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ரத்தினக்கிளி அம்மாள் இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளுக்கு நடுவே, அவருடைய முந்திரித் தோப்பில், கணவர் கடைசியாக நிறுத்திய ஆஸ்டின் கார் வருடக்கணக்காக நின்றது. கணவர் ஓட்டி வந்த வண்டி பிணம்போல் இழுபட்டுப் போவதை அவர் பார்க்க மாட்டாராம்.

தூத்துக்குடியில் பழைய கார் சாமான் கடை வைத்திருந்த செந்தூர்க்கனி, அக்கா புருஷன் கோயில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடியலிலேயே தேரிக்குள் இறங்கிவிட்டாள். கார்மேல் ஆசைதான். அதைவிடப் பெரிய ஆசை, கார் புரோக்கர் சிதம்பரவேலின் முகம் தொங்குவதைப் பார்ப்பது. அப்பாவின் வாடகைக் காரை விலை பேச வந்த அந்த ஆள், அவர் அசந்த நேரத்தில் பெட்ரோல் பைப்பை அறுத்துவிட்டு, “எஞ்சின் போயிட்டு அண்ணாச்சி” என்று துக்கம் விசாரித்து, பழைய இரும்பு விலைக்கு வாங்கிப் போனான். அடுத்த வாரமே அந்தக் கார் மாலை போட்டுக்கொண்டு கல்யாண ஊர்வலம் போனது. அவனே டீக்கடையில் சொல்லிச் சிரித்த கதை இது. அப்பா மட்டும் நம்பவில்லை. தன் கைதான் வண்டியைக் கொன்றது என்று ஸ்டியரிங்கையே தொடாமல், உப்பள வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்.

பேட்டரியும் பெட்ரோல் கேனும் சுமந்து, கணுக்கால் புதையப் புதைய நடந்து இருவரும் தோப்பை அடைந்தார்கள். கனி காருக்கு அடியில் புகுந்தாள். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் செம்புக் குழாயில் ஒரு முழம் காணோம். வெட்டுவாய் புதுக் காசுபோல் மின்னியது.

“அத்தான், அவன் முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கான்.”

“நம்மகிட்ட பைப்பு இருக்கா?”

“ஒரு சாண் ரப்பர் டியூப்புதான் இருக்கு.”

தூரத்தில் ஜீப் உறுமியது. கனி ஒரு கணம்தான் யோசித்தாள். பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கட்டைவிரல் அளவு ரோட்டாரை உருவிக்கொண்டு, மூடியைப் பழையபடி மாட்டினாள். அது இல்லாமல் பிளக்கில் பொறி வராது.

“மடியில வைங்க. பனங்கற்கண்டுன்னு வாயில போட்டுறாதீங்க.”

சிதம்பரவேல் தோளில் செம்புக் குழாய்ச் சுருளோடு வந்தான். பின்னாலேயே ரத்தினக்கிளி அம்மாளும் குடை பிடித்து வந்தார்.

“எனக்கு இது தோதுப்படாது அண்ணாச்சி,” என்றாள் கனி, சொத்தைக் கத்தரிக்காயைக் கூடையில் திருப்பிப் போடும் குரலில். “பைப்பே அத்துப் போயிருக்கு. நீங்க பாருங்க. உங்களால ஆகலன்னா அப்புறம் நான் பாக்கேன்.”

“பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?” என்று அவன் சந்தோஷமாக மணலில் மல்லாந்தான்.

வேலை தெரிந்தவன்தான். பழைய குழாயைக் கழற்றி, புதியதை முழங்காலில் வைத்து நெளியாமல் வளைத்தான். முனையை விரித்துத் தட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், முதலில் நுழைத்திருக்க வேண்டிய நட்டு மணலில் கிடந்தது.

“அண்ணாச்சி, நட்டு வெளிய நிக்குது. பந்திக்குப் பிந்திட்டோ?” என்றாள் கனி.

பல்லைக் கடித்துக்கொண்டு முனையை அறுத்து மறுபடி விரித்தான். டாங்கின் துருவைக் கழுவவே அவன் கேன் காலியானது. ஜீப்பிலிருந்த பெட்ரோலையும் உறிஞ்சி ஊற்றினான். பம்பை அடித்து, ஜீப் பேட்டரியை மாட்டி, முன்னால் ஸ்டார்ட்டிங் கம்பியைப் போட்டுச் சுற்றினான். எஞ்சின் புரண்டு படுத்தது, எழவில்லை. சுற்றிச் சுற்றிச் சட்டை செம்மண்ணானது.

“வேற எங்கயும் கோளாறு இருக்குமோ?” என்றார் ரத்தினக்கிளி அம்மாள்.

“வேற எங்கயும் கெடையாது,” என்று சீறினான் சிதம்பரவேல். “பைப்பு மட்டுந்தான். வெட்டுனவனுக்குத் தெரியாதா?”

கம்பி அவன் கையிலிருந்து நழுவியது.

“அப்போ அது தானா அறலையோ?” அம்மாள் குடையை மடக்கினார். “எம் புருசன் வண்டியில கத்தி வச்சவன் அதுல கை வைக்கப்படாது. தள்ளி நில்லும்.”

கனி பானெட்டுக்குள் குனிந்து தன் பேட்டரியை மாற்றி மாட்டினாள். கோயில்பிள்ளை இருமிக்கொண்டே மடியை அவிழ்த்து ரோட்டாரை நீட்டினார். அம்மாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்திரி மரத்தில் பழம் தேடத் தொடங்கினார். மூன்றாவது சுற்றில் ஆஸ்டின் கனைத்து எழுந்தது.

சக்கரங்களுக்கு அடியில் பனை ஓலை போட்டு, தாண்டியதும் உருவி மறுபடி முன்னால் போட்டு, மேடு மேடாகத் தாண்டி வண்டியைத் தார் ரோட்டில் ஏற்றினார்கள். பின்னாலேயே சிதம்பரவேல் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“தாயி, ஜீப்புல சொட்டுப் பெட்ரோல் இல்ல. ஒரு லிட்டராவது குடு. என்ன வேணும்னாலும் கேளு.”

“வெலை ஒண்ணுதான், பேரம் கெடையாது. வண்டியில ஏறும்.”

உப்பள வாசலில் ஆஸ்டின் நின்றது. காக்கிச் சட்டையில் எழுந்து வந்த அப்பா, பின்சீட்டில் இருந்தவனைப் பார்த்து, “வாரும் சிதம்பரம்” என்று வணக்கம் வைத்தார். கனிக்குப் பற்றி எரிந்தது. பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“சொல்லும்.”

சிதம்பரவேல் உப்புக் குவியலைப் பார்த்துச் சொன்னான். “அண்ணாச்சி, உங்க வண்டி சாகல. நாந்தான் பைப்ப அறுத்தேன்.”

அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

“தள்ளி உக்காரு கனி.”

கனி பின்சீட்டுக்காரனை இறக்கிவிட்டு, ஒரு லிட்டரை நுரை இல்லாமல் அளந்து கொடுத்தாள். அடுத்தவர் வண்டியில் கை வைக்கிறவன் வாயையாவது பூட்டி வைத்திருக்க வேண்டும். அப்பா கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குதித்தது. அப்புறம் நேராக ஓடியது.