காஜா பெராங் ஆற்றில் செத்த மீன்கள்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. ஆற்றைச் சுத்தம் செய்ய மண்வெட்டியும் கூடையுமாகத் துறைக்கு வந்தவர்களில் முதலில் பார்த்தவள் அஞ்சலை. தண்ணீர் வடிகஞ்சிபோல் வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் கெளுத்தியும் மடவையும் பொடிமீன்களும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. பல மாதங்களாக ஞாயிறுதோறும் சேற்றில் இறங்கிக் குப்பை வாரிய பிறகுதான் அந்த மீன்கள் துறைக்குத் திரும்பி வந்திருந்தன.

"கித்தா ஆலைக்காரன் கழிவுத் தொட்டியத் தொறந்து விட்டுட்டாண்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அதற்குமேல் ஒருவரும் யோசிக்கவில்லை. கூட்டம் ரப்பர் ஆலை வாசலுக்கு ஓடியது. இரவுக் காவல் முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த ஜாகா அப்பாசாமி அகப்பட்டார். அவர் அஞ்சலையின் கணவர். "நான் தொறக்கலை, நான் தொறக்கலை" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அஞ்சலை மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவர் தாடை உடைந்து, ஒரு கண் வீங்கி மூடிப்போய், கம்பிக்கதவோரம் கிடந்தார்.

காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் சார்ஜன் அலாவுதீன் வந்தார். அவசரகாலச் சட்டத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பத்து வருஷம் காடுமேடாக அலைந்த உடம்பு அது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஓராண்டு ஆகியும் அவர் விட்ட தூக்கம் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்க விடமாட்டார்கள் என்று மனைவி நூர்ஜஹான் புலம்பியதைக் காதில் வாங்காமல் கிளம்பி வந்திருந்தார்.

ஆலையின் மேனேஜர் ஜெயபாலன் வாசலிலேயே நின்றார்.

"எங்க ஆலை கழிவ ஆத்துல விடுறதே இல்ல, சார்ஜன். லாரியில ஏத்தி அனுப்பிடுவோம்."

"தொட்டியக் காட்டுங்க."

பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதைப் பார்த்ததும் ஜெயபாலனின் புருவம் ஏறி இறங்கியது. மறுகணமே, "பாத்தீங்களா? நெறஞ்சுதான் இருக்கு. தொறந்திருந்தா நெறஞ்சிருக்குமா?" என்றார்.

அலாவுதீன் ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். கழிவுநீர் குச்சியில் ஏடாகப் படிந்தது. விரலால் தொட்டு இழுத்தபோது நூலாக நீண்டது. கித்தா பால் திருடியவர்களை அவர் இப்படித்தான் பிடிப்பார். சட்டையில் ஒட்டிய பால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

தொட்டியின் வடிகால் ஆற்றில் சேரும் இடத்துக்கு வந்து நின்றார். தண்ணீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. விடியும் முன்பே வற்றம் தொடங்கிவிட்டதாகப் படகுத்துறையில் சொன்னார்கள். வடிகாலிலிருந்து கரையோரமாக மேல்நோக்கி நடந்தார். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. தொண்டர்கள் கூடும் துறை வந்தது. அதையும் தாண்டி, ஆறு வளையும் இடம்வரை செத்த மீன்கள் கிடந்தன. நீப்பாப் பனை மட்டைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர் தேங்கி நின்றது. கைக்குட்டையை அதில் நனைத்துப் பிழிந்தார். ஒட்டவில்லை. சேற்றில் நத்தைகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

பதினொரு மணிக்கு அஞ்சலையை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்த்தார். கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களிலும் பழந்துணி சுற்றியிருந்தது.

"காலுக்கு என்னம்மா?"

"ஆத்துத் தண்ணி, பாய். ஞாயித்துக்கிழமை எறங்குனா ரெண்டு நாளைக்கு எரியும். புண்ணு ஆறவே மாட்டேங்குது."

"அப்புறம் ஏன் எறங்குறீங்க?"

"யாராச்சும் எறங்கணும்ல." அவள் குரலில் வீம்பில்லை, அலுப்புத்தான் இருந்தது. "எங்க கிராணி ஐயா மாணிக்கவாசகம் மொத மொதல்ல தனி ஆளா எறங்குனாரு. தபாலாபீஸ் உத்தியோகம் பாக்குறவரு சேத்துல நிக்கிறாரேன்னு நாங்க அஞ்சாறு பேரு போனோம். அப்புறம் மலாய்க்காரங்க, சீனருங்க, எல்லாரும் வந்தாங்க. போன மாசம் தூபா வேர நசுக்கிப் போட்டு மீன் புடிக்க வந்தவனுங்களக்கூட நாங்கதான் வெரட்டுனோம். வேர்க்கட்டப் புடுங்கி சாமான் கொட்டகையில போட்டுட்டோம்."

"கொட்டகைச் சாவி?"

"கிராணி ஐயாகிட்டதான்." சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாய், எங்க வீட்டுக்காரரு செஞ்சிருக்க மாட்டாரு. நான் அந்தத் தண்ணியில நிப்பேன்னு அவருக்குத் தெரியும். ஊரே என்னை ஒரு மாதிரி பாக்குது. நெசத்தக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

ஒரு மணிக்கு மாணிக்கவாசகத்தைக் கோப்பிக் கடையில் பிடித்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. கண்களில் தூக்கமில்லை. கடைக்காரர் கொதிக்கக் கொதிக்க பால் சேர்க்காத இரண்டு கோப்பி ஓ கொண்டுவந்து வைத்தார்.

"இன்னிக்கு யாரோ அதிகாரி வர்றதா இருந்துச்சாமே?"

"நகராட்சியிலேருந்து. எத்தன தடவ நடந்திருப்பேன் தெரியுமா, சார்ஜன்? இன்னிக்குத்தான் வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க."

"வந்தாரா?"

"வந்தாரு. மீனப் பாத்தாரு. ஆலை மேல நடவடிக்கை எடுக்குறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"காவக்காரர அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

மாணிக்கவாசகம் கிளாசைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். அலாவுதீனும் தம் கிளாசை வாயருகே கொண்டுபோய், உதடு சுட்டு, வெடுக்கென்று கீழே வைத்தார்.

"வாசல்லதான் இருந்தேன்" என்றார் மாணிக்கவாசகம். "கூட்டம் பெருசு லா. என்னால என்ன செய்ய முடியும்?"

மாலை நான்கு மணிக்கு அலாவுதீன் கொட்டகையைத் திறக்கச் சொன்னார். மண்வெட்டி இருந்தது, கூடை இருந்தது, கயிறு இருந்தது. வேர்க்கட்டு இல்லை. "ஆஸ்பத்திரிவரைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னார். ஜெயபாலனுக்கும் ஆள் அனுப்பினார்.

அப்பாசாமி படுக்கையில் கிடந்தார். தாடையைக் கட்டியிருந்தார்கள். பல்லைக் கடித்தபடி முனகலாகத்தான் பேச வந்தது. அஞ்சலை பக்கத்தில் நின்றாள். கட்டிலின் கால்மாட்டில் ஜெயபாலனும், சற்றுத் தள்ளி மாணிக்கவாசகமும் நின்றார்கள். அலாவுதீன் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் வெள்ளத் தண்ணியப் பாத்தீங்க. கித்தா பால்னு முடிவு பண்ணிட்டீங்க. கித்தா கழிவு வந்திருந்தா நீப்பா மட்டையில ஏடு படிஞ்சிருக்கும். கைக்குட்டை பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். அப்படி ஒண்ணும் இல்ல. இத்தன மீன் சாகுற அளவுக்கு அந்தப் புளிச்ச கழிவு எறங்கியிருந்தா நத்தையும் சேந்து செத்திருக்கும். நத்தை சாகல, மீன் மட்டும்தான் செத்துச்சு. தண்ணி விடியறதுக்கு முந்தியே கீழ எறங்க ஆரம்பிச்சிருச்சு. கடல் ஏத்தத்துல கழிவு துறைவரைக்கும் ஏறும்தான், ஆனா வடியுற தண்ணியில ஆலை வடிகாலுக்கு மேல, ஆத்து வளைவுல எப்படி மீன் சாகும்? வெஷம் மேலேருந்துதான் வந்திருக்கணும். பால் மாதிரி இருக்கும், மீன மட்டும் கொல்லும். தூபா வேருச் சாறு."

"அந்தத் திருட்டுப் பசங்க திரும்ப வந்துட்டானுங்களா?" என்றாள் அஞ்சலை.

"மீன் புடிக்க வந்தவன் மீன விட்டுட்டுப் போவானாம்மா? ஒருத்தன்கூட ஒரு மீன எடுக்கல. போட்டவருக்கு மீன் வேண்டாம். செத்த மீனக் காட்டணும், அவ்வளவுதான்." அலாவுதீன் திரும்பினார். "மாணிக்கம், மதியம் கொதிக்கிற கோப்பிய மடமடன்னு குடிச்சீங்க. எனக்கு உதடு வெந்துபோச்சு. உங்களுக்குச் சுட்டதே தெரியல. தூபா சாறு வாயில பட்டா நாக்கும் உதடும் மரத்துப்போயிடும். வேர நசுக்குறப்ப மூஞ்சியில தெறிச்சிருக்கு. பொறங்கையால தொடச்சிருக்கீங்க. இப்பவாவது உணர்ச்சி வந்திருச்சா?"

மாணிக்கவாசகத்தின் கை தானாக வாய்க்குப் போனது. அதைக் கண்டதும் அஞ்சலை கட்டிலை விட்டு அவரை நோக்கி ஓரடி வைத்தாள்.

"வேற வழி தெரியல" என்றார் மாணிக்கவாசகம். "ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் தொறந்து விடுறாங்க, சார்ஜன். ஞாயித்துக்கிழமை நாங்க வாருறோம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும். கேட்டா இல்லவே இல்லைங்கறாங்க. அதிகாரி வர்றது தெரிஞ்சு அன்னிக்கு மட்டும் தொறக்காம விட்டு, தண்ணி தெளிவா இருந்துட்டா என்ன பண்றது? ஒரே ஒரு தடவ கண்ணால பாக்கட்டும்னு... எனக்கு அலுத்துப்போச்சு."

"ஐயா, அவரப் போட்டு அடிச்சாங்களே." அஞ்சலையின் குரல் நடுங்கவில்லை. "அவரு மேல தப்பில்லன்னு அந்த எடத்துல ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நிறுத்துங்கடான்னு ஒரு வார்த்த. நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க."

மாணிக்கவாசகம் சட்டையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார்.

"அப்ப எங்க ஆலை மேல ஒரு குத்தமும் இல்லைன்னு ஆயிருச்சு" என்று ஜெயபாலன் தொப்பியை எடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. காலையில நெறஞ்ச தொட்டியப் பாத்துத் தெகச்சீங்களே, ஏன்? லாரி வராத அன்னிக்குத் தொட்டி நெறஞ்சு இருக்குறது சாதாரணம்தானே? காலியா இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தீங்க."

கட்டிலிலிருந்து அப்பாசாமி கையை உயர்த்தினார். அஞ்சலை குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். அவர் முனகியதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

"ராத்திரி தொறக்கச் சொன்னாங்களாம்... எப்பவும் சொல்றதுதானாம்... இந்த வாரம் தொறக்கலையாம்." அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். "என் காலப் பாத்தாராம். மனசு வரலையாம்."

மாணிக்கவாசகம் மெதுவாகச் சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு சொட்டு விஷமும் ஆலையிலிருந்து இறங்காத ஒரே சனிக்கிழமை இரவு அது. அந்த இரவில்தான் அவர் வேரை நசுக்கியிருக்கிறார்.

"பொய்" என்றார் ஜெயபாலன். "இதையெல்லாம் கோர்ட்டுல சொன்னா இவனுக்கு வேலை போயிடும்."

"வேலையா?" அஞ்சலை திரும்பி அவரைப் பார்த்தாள். "தாடையே போயிடுச்சு. அவரு சொல்லுவாரு. இத்தன நாளும் யாரு தொறக்கச் சொன்னதுன்னு பேரோட சொல்லுவாரு."

அலாவுதீன் வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குச் சைகை செய்தார். அவன் மாணிக்கவாசகத்தைத் தோளைப் பிடித்து எழுப்பினான். வாசலைத் தாண்டும்போது அவர் அப்பாசாமி பக்கம் ஒருமுறை திரும்பினார். அடித்தவர்களையும் இரவுக்குள் வீடு வீடாகப் போய்ப் பிடிக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேர் ஞாயிறுதோறும் சேற்றில் இறங்கிய நல்ல மனிதர்கள் என்பதை நினைத்தபோது அலாவுதீனுக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

"மேனேஜர், நீங்க உக்காருங்க. எங்கயும் போக வேண்டாம்."

பேனாவைத் திறந்து, முக்காலியைக் கட்டிலருகே நகர்த்தினார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவா சொல்லுங்க, அப்பாசாமி. மொத மொதல்ல தொட்டியத் தொறக்கச் சொன்னது எப்போ?"

அஞ்சலை கணவன் வாயருகே மறுபடியும் குனிந்தாள்.