மூன்றாவது கொத்து

அஜந்தன் செத்து இரண்டு வருடமாகியும் அவன் மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. செத்தவனோடு என்ன போட்டி என்று கேட்பீர்கள். அவன் பெண்சாதியைக் கட்டி வாழ்ந்து பாருங்கள், தெரியும்.

அப்புத்தளையில் நாங்கள் இருவரும் ஜீப் ஓட்டினோம். ரோட்டு முடிந்த பிறகும் மேலே ஏறி, கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிறவர்களைக் கொண்டுபோய்விடுவதுதான் தொழில். உதட்டில் பீடியோடு அவன் வாயைத் திறந்தால் கல்லும் சிரிக்கும். நான் உம்மணாமூஞ்சி. மண்சரிவில் அவன் போனான். உடம்பைத் தூக்கி வந்ததும் நான்தான். ஒரு வருடம் கழித்து அவன் பெண்சாதி தர்மிளாவிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். சரி என்றாள்.

ஒரு குறை வைக்கமாட்டாள். வேளைக்குச் சோறு, துவைத்த சட்டை எல்லாம் இருந்தது. ஆனால் சிரிக்கமாட்டாள். அவனோடு இருந்தபோது அவள் சிரித்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஹல்துமுல்லைக்கு மேலே மரமே இல்லாத ஒரு புல் மொட்டைக் குன்று உண்டு. அவளும் அவனும் கூடாரம் போடும் இடம். அங்கேயே அவளைக் கூட்டிப்போய் அவன் நினைப்பை அழித்துவிடலாம் என்று ஒரு நாள் புறப்பட்டேன்.

காடாகிப்போன தேயிலைக்குள் பாதை முடியும் இடத்தில் முனியின் கல் இருக்கிறது. மேலே போகிறவர்கள் ஆளுக்கொரு தழைக்கொத்து ஒடித்து அங்கே வைக்கவேண்டும். இத்தனை பேர் போகிறோம், இத்தனை பேரையும் பத்திரமாக இறக்கிவிடு என்று வேண்டுதல். நான் இறங்கி, ஒடித்து, வைத்து, கும்பிட்டேன்.

"மூணு வச்சிருக்கீங்க," என்றாள் தர்மிளா மெதுவாக.

பழக்க தோஷம். அவர்கள் இருவரும் இங்கே வந்த நாட்களில் வண்டி ஓட்ட நானும் வருவேன். மூன்று ஒடித்துப் பழகிய கை. முனிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கவும் கூடாது. ஜீப்பைக் கிளப்பினேன்.

மாலை நான்கு மணிக்குக் கூடாரம் அடித்தோம். அவள் அடுப்பு மூட்டினாள். நான் கேனை எடுத்துக்கொண்டு கீழே ஊற்றுக்கு இறங்கினேன். அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு, ஈரப்புல் வாசத்தோடு பீடி வாசம் வந்தது.

நான் பீடி குடிப்பதில்லை.

மேலே தர்மிளா சிரித்தாள்.

வாய்விட்டு, மூச்சுத் திணறச் சிரித்தாள். நடுவே ஓர் ஆண் குரல் தணிவாக ஏதோ சொன்னது.

அது என் குரல்.

உண்மையைச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் வந்தது வயிற்றெரிச்சல்தான். கேனைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். அவள் மட்டும் கூடார வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை இரண்டு.

இப்பதானே எழுந்து போனீங்க, அதற்குள் வந்துட்டீங்களா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"போங்க. இத்தன நாளு கழிச்சு இன்னைக்குத்தான் தர்மின்னு கூப்புட்டீங்க. இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி."

அவளைத் தர்மி என்று கூப்பிட்டவன் ஒருத்தன்தான்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமே. செத்தவன் சம்பாதித்ததை என்னுடையது என்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆமாம், நான்தான் என்று தலையாட்டினேன். இருட்டுவதற்குள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

அதன் பிறகு வீடே மாறிவிட்டது. ஹயர் ஓட்டம் முடிந்து வந்தால், இப்பதானே சாப்பிட்டுப் போனீங்க, மறுபடியும் பசியா என்பாள். நாளுக்கு நாள் முகம் மினுங்கியது. எனக்கோ உள்ளே எரிந்தது. ஒரு நாள் துணிந்து நானே "தர்மி" என்று கூப்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னங்க, இன்னைக்கு உங்க கொரலு யாரோ மாதிரி இருக்கு."

நேற்று தெமோதரையிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டேன். லயத்து வாசலெல்லாம் பனி. எங்கள் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவிடுக்கில் பீடி வாசம். உள்ளே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தட்டினேன்.

சிரிப்பு நின்றது. உள்ளிருந்து என் குரல் சொன்னது:

"தர்மி, வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாரு."

கதவைத் திறந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் காயவில்லை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு, அந்நிய ஆளுக்குக் காட்டும் மரியாதையோடு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"யாருங்க வேணும்?"