இருபதாவது ஜோடி

ஷூ கம்பெனியில் எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கமில்லை. எல்லாம் ஜோடிக் கணக்குத்தான். ஆம்பூரில் பதினாறு வருடமாக லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஹேமலதாவுக்கு அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கடையில் முட்டை வாங்கினாலும் இரண்டிரண்டாகத்தான் எடுத்து வைப்பாள். அவள் லைனில் நாற்பது பெண்கள். ஒரு மேசைக்கு இருவர். ஆக, இருபது ஜோடி. சாயங்காலம் கேட்டில் அவர்கள் இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்க, இருபது என்று சொல்லி அனுப்பிவைப்பாள். ஒரு நாளும் அந்த எண்ணிக்கை பிசகியதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டிய நிலை வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ்ஸில் லைன் முழுவதும் நாடகத்துக்குக் கிளம்பியது. ‘கடல்கோட்டை ராணி’. சென்னைக் குழு ஒன்று ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்த பாட்டு நாடகம். அதன் பாட்டு ஒலிக்காத செல்போன் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. பஸ் ஏறும் நேரத்தில் ஜஹீதாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. ஜஹீதாவின் மேசை ஜோடி வேறு யாருமில்லை, ஹேமலதாவின் மகள் தமிழினிதான். பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“நீ என் பக்கத்துல உக்காந்துக்கோ,” என்றாள் ஹேமலதா.

“அய்யோ வேணாம்மா! ஏற்கெனவே சூப்பர்வைசர் பொண்ணுன்னு கலாய்க்கிறாங்க. நா தனியாவே குந்திக்கிறேன்.”

பெற்றவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுத்தாள்.

மேல்விஷாரத்தைத் தாண்டி ஒதுக்குப்புறமாக இருந்தது அந்த அரங்கம். முன்பு அது தோல் பதனிடும் ஷாப்பு. மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது. தோல் ஊறவைத்த குழிகளையெல்லாம் மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசி, நாற்காலி போட்டு, ஏசியும் வைத்துவிட்டார்கள். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் அமீர் பாஷா.

“எத்தினி பேரும்மா?”

“என்னைச் சேக்காம முப்பத்தொம்போது. பத்தொம்போது ஜோடி, ஒரு ஒத்தை.”

டிக்கெட் கிழித்த கை நின்றது.

“அந்த ஒத்தைக்குப் பக்கத்துல காலி சீட்டு வந்தா, ஒரு பையாவது வெச்சிடுங்கம்மா. ஆட்டம் முடியிறவரைக்கும் எடுக்காதீங்க.”

“இன்னாத்துக்கு பாய்?”

அவர் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஷாப்பு ஓடிக்கினு இருந்தப்போ, ஈரத் தோலைக் குழியிலேர்ந்து ரெண்டு பேரு சேந்துதான் தூக்குவாங்க. அவ்ளோ கனம். பூவம்மாள்னு ஒரு பொம்பள. ஒரு நாள் அவ ஜோடி வேலைக்கு வர்ல. ஒத்தையா தூக்கப் போனா. தோலோட உள்ள போய்ட்டா.” டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். “நம்பினாலும் நம்பாட்டியும் பையை வெச்சிடுங்கம்மா.”

ஹேமலதாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு பையை வைப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது? சுவரோரமாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்ததில் தமிழினி. நாற்பது பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்த தன் பையைக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, எல்லோரையும் பார்க்கத் தோதாக ஹேமலதா நான்கு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தாள்.

நாடகம் பிரமாதம். ராணி பாட வந்தபோது லைன் மொத்தமும் சேர்ந்து பாடியது. ஹேமலதாவும் கூச்சத்தை விட்டுக் கைதட்டினாள். இடைவேளை விட்டதும் பெண்கள் பசி பசி என்று கத்த ஆரம்பித்தார்கள்.

“தமிழு, அந்தப் பையை எடு.”

சொன்னது அவள்தான். தன் வாயாலேயே சொன்னாள். பிறகு எத்தனையோ முறை அந்த ஒரு சொல்லை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பை கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. அதற்குள் விளக்குகள் மங்கத் தொடங்கின. அவசர அவசரமாக வரிசை வரிசையாகப் போய், கம்பெனியில் செய்வதுபோலவே ஜோடிக்கு இரண்டாகப் பாக்கெட்டுகளை நீட்டினாள். நீட்டிய கைகள் வாங்கிக்கொண்டன. சுவரோரம் கடைசி இரண்டையும் கொடுத்தாள். இருபது ஜோடி. முழுசு. திருப்தியோடு காலிப் பையை மடித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

பழக்கம் பொல்லாதது.

இரண்டாம் பாதியில் மேடை நீலமாக இருந்தது. ராணி கடலில் இறங்கும் காட்சி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த வாடை வந்தது.

சுண்ணாம்பு. ஆவாரம்பட்டை. ஊறிய தோல்.

அது அவளுக்குப் பழகிய வாடைதான். ஆம்பூரில் பிறந்தவளுக்கு அது புதிதா என்ன? ஆனால் பதினைந்து வருடமாகத் தோலே வராத இடத்தில், ஏசி ஓடும் அரங்கத்தில், அது எங்கிருந்து வந்தது? ஜஹீதா வந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேஜார் பண்ணியிருப்பாள் என்று நினைத்தாள்.

ஜஹீதா.

ஜஹீதா வரவில்லையே.

ஒரு பாக்கெட் மிஞ்சியிருக்க வேண்டும். மடித்த பையைப் பிரித்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வரிசைக்கு முன்னால், சுவரோரம், நீல வெளிச்சத்தில் இரண்டு தலைகள். ஒன்று தமிழினியுடையது. மற்றது அவள் பக்கம் சாய்ந்து, காதோரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேடையில் ராணி மூழ்கினாள். எல்லா விளக்கும் அணைந்தன.

“தமிழு!”

ஹேமலதாவின் குரல் பாட்டில் அமுங்கிப்போனது. இருட்டில் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். யார் யார் முட்டியிலோ இடித்தாள். காலடியில் சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. இன்னும் இரண்டடி போனதும் கணுக்கால்வரை நனைந்தது. சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. குனிந்து தடவினாள். ஒரு கை கிடைத்தது.

குளிர்ந்த கை. நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த தோல்போல, பிடித்த இடத்தில் நழுவியது.

அது அவள் விரல்களைத் தடவிப் பார்த்தது. பிறகு, வேண்டாம் என்பதுபோல, மெல்ல விட்டுவிட்டது.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தமிழினி தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். தரை காய்ந்து கிடந்தது. பக்கத்து நாற்காலி மட்டும் ஈரமாக இருந்தது. அதன்மேல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்.

“இன்னாம்மா, ஏன் இப்டி மூச்சு வாங்குற?” மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அந்த அக்கா எங்க?”

“எந்த அக்கா?”

“இங்க குந்தினு இருந்தாங்களே. பாவம்மா, அவங்க ஜோடி வர்லியாம். ரொம்ப நாளா வர்லியாம். என்னை ஜோடியா சேத்துக்கிறியான்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன். அதுல இன்னா இருக்குது?”

ஹேமலதா மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினாள். பத்தொன்பது ஜோடி, ஒரு ஒத்தை. இரண்டு முறை எண்ணிய பிறகுதான் உயிர் வந்தது. ஆம்பூர் வரும்வரை தமிழினியின் இடது கையை அவள் விடவில்லை. வலது கையைத் தமிழினி ஜன்னல் பக்கமாக மடியில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஜஹீதா காய்ச்சல் தெளிந்து வந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தன் மேசைக்குப் போனாள். ஸ்டூலை இழுத்தபோது தமிழினி தடுத்தாள்.

“அங்க ஆள் இருக்காங்க ஜஹீதா.”

ஜஹீதா விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வேறு மேசையில் மூன்றாவது ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டாள். லைனின் மறுகோடியில் நின்ற ஹேமலதாவுக்கு அது காதில் விழவில்லை.

சாயங்காலம் கேட்டில் வரிசை நின்றது. மகள் நல்லபடியாக இருக்கிறாள், நாற்பது பேரும் வந்துவிட்டார்கள் என்ற நிம்மதியில் அவள் பழையபடி எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முழுசு.

“ஹேமாக்கா,” என்றாள் பின்னாலிருந்து ஜஹீதா, “நா மட்டும் ஒத்தையா நிக்கிறேனே.”

ஹேமலதா மெல்லத் திரும்பி இருபதாவது ஜோடியைப் பார்த்தாள்.

தமிழினி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அவளுடைய வலது கை மட்டும் யாரோ ஒருவர் கையைக் கோத்துப் பிடித்ததுபோல மடங்கியிருந்தது. அந்த விரல்களுக்கிடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.